மூப்புற்று நின்ற புற்றுநோய்ச் செல் மீண்டு எழுகிறதா? ஆய்வகத்தில் சோதித்தறியும் முறை

டாக்சோருபிசின் என்னும் புற்றுநோய் மருந்தைக் கொடுத்து ஒரு வாரம் கழிந்த மார்பகப் புற்றுநோய்ச் செல் வளர்ப்பை நுண்ணோக்கியில் பார்த்தால், இறந்து மிதக்கும் செல்களுக்கு அடியில், கல்லில் வார்த்த தோசை மாவைப் போலத் தட்டையாகப் பரந்த பெரிய செல்கள் ஒட்டிக்கிடப்பது தெரியும். அவை இறக்கவில்லை, பிரியவும் இல்லை. இந்த நிலைக்கே செல் மூப்பு என்று பெயர். இரண்டு மூன்று வாரங்கள் அதே குடுவையை வைத்திருந்தால், அந்தப் பரந்த செல்களுக்கு நடுவே சிறிய, சுறுசுறுப்பாகப் பிரியும் செல்களின் திட்டுகள் முளைக்கின்றன. அவற்றுக்கு மறுபடி அதே மருந்தைக் கொடுத்தால் முன்புபோல அடங்குவதில்லை. குருத்தணு என்றும் ஸ்டெம் செல் என்றும் சொல்லப்படும் வகையின் அடையாளங்களும் அவற்றில் கூடியிருக்கின்றன. இந்தத் திட்டுகள் எங்கிருந்து வந்தன என்ற ஒரே கேள்விக்கு நம்பத்தகுந்த விடை பெறுவது எப்படி என்பதை, செல் வளர்ப்பில் ஓரளவு பழகிய ஆய்வு மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயல்பான மனித நார்முன்செல்கள் வளர்ப்பில் ஏறத்தாழ 50 முறை இரட்டித்த பிறகு நின்றுவிடுகின்றன என்பதை ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் கண்டு 1961-ல் வெளியிட்டனர். முடுக்கிவிடப்பட்ட ராஸ் என்னும் புற்றுநோய் மரபணுவே இயல்பான செல்லை முன்கூட்டி மூப்படையச் செய்யும் என்பதை 1997-ல் செரானோவும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டியபோது, மூப்பு என்பது புற்றுநோய்க்கு எதிராக உடல் வைத்திருக்கும் ஒரு தடுப்பு என்ற எண்ணம் வேரூன்றியது. கீமோதெரபியும் புற்றுநோய்ச் செல்களில் இதே நிலையை உண்டாக்குகிறது என்றும், எலிகளில் சிகிச்சையின் பலன் ஓரளவு அதைப் பொறுத்திருக்கிறது என்றும் 2002-ல் தெரியவந்தது. இதுவரை கதை நல்லதாகவே போகிறது. 2018-ல் பெர்லினைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஷ்மிட்டின் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் அதைத் திருப்பிப்போட்டது: மூப்பிலிருந்து விடுபட்ட லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) செல்கள், அதே மருந்தைப் பெற்றும் ஒருபோதும் மூப்படையாத செல்களைவிடக் கட்டியைத் தொடங்கும் திறனில் மேலோங்கியிருந்தன. அந்த ஆய்வின் ஒப்பீட்டு அமைப்பை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அதையே சுற்றி வரும்.

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுதல்

குடுவையில் புதிதாக முளைத்த திட்டுக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, தொடக்கத்திலேயே மருந்துக்கு அடங்காத சில செல்கள் இருந்தன. அவை மூப்பின் பக்கமே போகாமல், மற்றவை நின்றுவிட்ட நேரத்தில் தாங்கள் பெருகின. இரண்டாவது, உண்மையில் மூப்படைந்த செல்களில் ஒரு சில அந்த நிலையிலிருந்து மீண்டன. மூன்றாவது, மூப்புற்ற செல்கள் தாங்கள் நின்றபடியே இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற பொருள்களைச் சுரந்து, பக்கத்திலிருந்த மூப்படையாத செல்களைக் குருத்துத் தன்மை நோக்கித் தள்ளின. கூட்டத்தை மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ. அளவு பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். துறையில் வெளியாகும் கட்டுரைகளில் பல இரண்டாவது விளக்கத்தைத் தலைப்பில் சொல்லி, மற்ற இரண்டையும் விலக்காத சோதனைகளை உள்ளே வைத்திருக்கின்றன என்பது என் கருத்து.

முதல் விளக்கத்தை விலக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பத்து லட்சம் செல்கள் உள்ள குடுவையில் மருந்துக்குத் தப்பியது ஒரே ஒரு செல் என்று கொள்வோம். அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், 14 நாளில் 16,384 செல்கள் ஆகிவிடும். நூற்றுக்கு 99.9 செல்கள் மூப்புச் சாயம் ஏற்றன என்று காட்டினாலும், அந்த ஒரு செல்லைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. ஆகவே கூட்டத்தின் சராசரியைக் கொண்டு இந்தக் கேள்விக்கு விடை இல்லை. தனிச் செல்லின் வரலாறு வேண்டும்.

எந்தச் செல்லில் தொடங்குவது

செல் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது செல் பிரிவைத் தடுக்கும் பி53, பி16 ஆகிய இரு மரபணுக்களின் நிலையை முதலில் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோயின் எம்சிஎஃப்-7 செல்லிலும் நுரையீரல் புற்றுநோயின் ஏ549 செல்லிலும் பி53 பழுதின்றி இருக்கிறது. ஆனால் இரண்டிலும் பி16 மரபணு முற்றிலும் இழக்கப்பட்டிருக்கிறது. எனவே இந்தச் செல்களில் பி16 உயரவில்லை என்று கவலைப்படுவது வீண். உயர்ந்ததாக புரதத்தைக் கண்டறியும் மேற்கத்திய ஒற்றலில் (வெஸ்டர்ன் பிளாட்) ஒரு பட்டை தெரிந்தால் எதிர்ப்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் மூப்பை நடத்துவது பெரும்பாலும் பி53-ம் அதன் கீழ் இயங்கும் பி21-ம் ஆகும். எம்சிஎஃப்-7 செல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள உதவும் காஸ்பேஸ்-3 நொதி அதில் இல்லை. ஆதலால் மருந்து தந்தால் தற்கொலை செய்துகொள்வதைவிட நின்றுவிடும் போக்கு மிகுதி. தொடக்கப் பயிற்சிக்கு இது நல்லதுதான், ஆனால் இதில் கண்டதை எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் பொருத்திச் சொல்லும்போது இந்தக் குறைபாட்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

குருத்துத் தன்மையை அளக்கப்போகும் அடையாளத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க்கின் குழு, மார்பகக் கட்டிகளில் சிடி44, சிடி24 என்னும் மேற்பரப்புப் புரதங்களில் முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் உள்ள செல்கள் நூறு அளவில் இருந்தாலே எலியில் கட்டி தோன்றுவதைக் காட்டியது. அன்றிலிருந்து அந்த இணை அடையாளம் எங்கும் பயன்படுகிறது. ஆனால் எம்டிஏ-எம்பி-231 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்வகையில் ஏறத்தாழ எல்லாச் செல்களும் அதே தோற்றம் கொண்டவை. அங்கே இந்த அடையாளம் எதையும் பிரித்துக் காட்டாது. ஒரே அடையாளத்தை எல்லா வளர்ப்புக்கும் பூசிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூப்பை உண்டாக்குதல்

சோதனைக்கு முன் மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாத் தொற்று உள்ளதா என்று சோதித்து, ஒரே பாசேஜில் (புதிய குடுவைக்கு மாற்றி வளர்த்த சுற்றில்) உறையவைத்த குப்பிகளைப் போதிய அளவு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மருந்தின் அளவைக் கண்டறிய வேண்டும். டாக்சோருபிசினை 25 நானோமோலாரிலிருந்து 500 நானோமோலார் வரை படிப்படியாக உயர்த்தி, 24 மணி நேரம் வைத்து, கழுவிவிட்டு, புதிய ஊடகத்தில் ஆறேழு நாள் விட்டுப் பாருங்கள். மிகுந்த அளவில் செல்கள் இறக்கும். மிகக் குறைந்த அளவில் சற்றே தயங்கிவிட்டு மீண்டும் பிரியும். இடைப்பட்ட ஒரு குறுகிய எல்லையில்தான் பெரும்பாலானவை உயிரோடு நிற்கும். அந்த எல்லை உங்கள் செல்லுக்கும் சீரத்துக்கும் விதைத்த அடர்த்திக்கும் ஏற்ப மாறும். பிறர் கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்து அப்படியே போடாதீர்கள்.

விதைக்கும் அடர்த்தியைக் குறைவாகவே வையுங்கள். குடுவை நிரம்பி நெருங்கிய செல்கள் மருந்தில்லாமலே பிரிவதை நிறுத்துவதோடு, மூப்புச் சாயத்தையும் ஏற்கும். கட்டுப்பாட்டுக் குடுவை ஆறு நாளில் நிரம்பிவிடும் என்பதால் அதைப் பின்னதாகத் தனியே விதைத்து, சாயமிடும் நாளில் இரண்டும் ஒத்த அடர்த்தியில் இருக்குமாறு திட்டமிட வேண்டும். எளிய செய்திதான், இருந்தும் நான் பார்த்த தோல்விகளில் பாதி இங்கேதான் நடந்தது. மருந்து கலந்த ஊடகத்தையும் முதல் கழுவல்களையும் செல் நச்சுக் கழிவாகத் தனிக் கலத்தில் சேர்க்க வேண்டும். சாதாரணத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மூப்புதான் என்று உறுதி செய்தல்

இந்தத் துறையில் மிகுதியாகப் பயன்படுவதும் மிகுதியாகத் தவறாகச் செய்யப்படுவதும் பி.எச். 6.0-ல் பீட்டா காலக்டோசிடேஸ் சாயமிடும் முறைதான். ஜூடித் காம்பிசியின் குழு 1995-ல் இதை அறிமுகப்படுத்தியது. மூப்புற்ற செல்லில் லைசோசோம்கள் பெருகி, அவற்றின் வழக்கமான காலக்டோசிடேஸ் நொதி மிகுவதால், அந்நொதிக்கு உகந்ததல்லாத பி.எச். 6.0-லும் நீலம் தெரியும் அளவுக்கு வேலை நடக்கிறது. இதன் பொருள் என்னவென்றால், லைசோசோம் பெருகும் எந்தச் செல்லும், மூப்படையாவிட்டாலும், நீலமாகக்கூடும்.

செல்களைக் கழுவி, 2 விழுக்காடு ஃபார்மால்டிஹைடும் 0.2 விழுக்காடு குளூட்டரால்டிஹைடும் கலந்த கரைசலில் 3 முதல் 5 நிமிடம் மட்டும் நிலைநிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நொதி செத்துவிடும். சாயக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் எக்ஸ்-கால், 40 மில்லிமோலார் சிட்ரிக் அமிலம்–சோடியம் பாஸ்பேட் தாங்கல், பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் ஃபெர்ரிசயனைடும் 5 மில்லிமோலார் வீதம், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு ஆகியவை இருக்கும். எல்லாம் கலந்து முடித்த பிறகு பி.எச். அளவை ஒருமுறை சரிபாருங்கள், ஏனெனில் 5.5-க்கு இறங்கிவிட்டால் கட்டுப்பாட்டுச் செல்களும் நீலமாகத் தொடங்கும். இதே காரணத்தால், சாயமிட்ட தட்டைக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைக்கவே கூடாது. அந்த வாயு கரைசலை அமிலமாக்கும். 37 டிகிரியில் சாதாரண இன்குபேட்டரில், காய்ந்துபோகாதபடி ஓரங்களை மூடி, 12 முதல் 16 மணி நேரம் வையுங்கள். ஒரு கிணற்றை பி.எச். 4.0 கரைசலில் வைத்துப் பார்த்தால் எல்லாச் செல்களும் நீலமாக வேண்டும். ஆகவில்லை என்றால் எக்ஸ்-கால் கெட்டுவிட்டது. எண்ணும்போது எந்தத் தட்டு எது என்று அறியாத ஒருவரைக் கொண்டு பல இடங்களில் எண்ணச் செய்யுங்கள். வெளிர்நீலத்தை எண்ணுவதா விடுவதா என்று கை தடுமாறும் இடத்தில்தான் நம் விருப்பம் நுழைகிறது.

இந்த ஒரு சாயத்தை நம்பி மூப்பு என்று எழுதக் கூடாது. பல அடையாளங்களைச் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும் என்று சர்வதேச செல் மூப்புச் சங்கம் 2019-ல் வெளியிட்ட ஒருமித்த கருத்தும் வலியுறுத்துகிறது. நான் பரிந்துரைப்பது இது: பிரிவு நின்றதைக் காட்ட 24 மணி நேர எட்யூ (புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வில் சேரும் பொருள்) ஏற்பு, டி.என்.ஏ. சேதத்தைக் காட்ட காமா எச்2ஏஎக்ஸ் புள்ளிகள், பி21 உயர்வு, உட்கரு உறையிலுள்ள லாமின் பி1 குறைவு, ஊடகத்தில் இன்டர்லூக்கின்-6 அளவு. இவற்றுள் லாமின் பி1 எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அது உறக்கநிலையிலுள்ள (தற்காலிகமாகப் பிரிவை நிறுத்திய) செல்லில் குறைவதில்லை. எட்யூவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மருந்து பெற்ற புற்றுநோய்ச் செல்கள் பிரியாமலே டி.என்.ஏ.வை மட்டும் பெருக்கிப் பன்மடிச் செல்களாவதுண்டு. எட்யூ ஏற்றதாலேயே அது பிரிந்த செல் ஆகிவிடாது.

உறக்கநிலையை விலக்குவது இந்தத் தலைப்பில் தனி முக்கியத்துவம் பெறுகிறது, ஏனெனில் புற்றுநோய்க் குருத்தணுக்களில் ஒரு பகுதி இயல்பாகவே உறங்கும் என்றும், அதனாலேயே பிரியும் செல்லைக் குறிவைக்கும் மருந்துகளுக்குத் தப்புகிறது என்றும் நீண்டகாலமாகக் கருதப்படுகிறது. உறங்கும் செல் சிறியது, சாதகமான சூழல் வந்தால் எழும். மூப்புற்ற செல் பெரியது, வளர்ச்சியைத் தூண்டும் எம்டோர் பாதை ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருக்கும், சேதச் சமிக்ஞை அணையாது. சீரத்தைக் குறைத்து உறங்கவைத்த ஒரு குடுவையைக் கட்டுப்பாடாகச் சேர்த்து, எல்லா அடையாளங்களையும் அதிலும் பார்த்தால், பின்னால் மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு விடை கையில் இருக்கும்.

மூப்புற்ற செல்லை உயிரோடு பிரித்தெடுத்தல்

எக்ஸ்-கால் சாயம் செல்லைக் கொன்றுவிடுவதால், பின்தொடர வேண்டுமானால் ஒளிரும் மாற்றுப் பொருள் தேவை. சி12எஃப்டிஜி என்பது செல்லுக்குள் புகுந்து, அதே நொதியால் வெட்டப்பட்டு, பச்சையாக ஒளிர்வது. முதலில் 100 நானோமோலார் பாஃபிலோமைசின் ஏ1 ஒரு மணி நேரம் கொடுத்து லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து, பிறகு 33 மைக்ரோமோலார் சி12எஃப்டிஜி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொடுப்பது வழக்கமான முறை. பாஃபிலோமைசின் தன்னளவில், செல் தன் பகுதிகளையே செரிக்கும் தன்னுண்ணலைத் தடுக்கும் மருந்து என்பதை மறக்கக் கூடாது. பாஃபிலோமைசின் பெற்று, டாக்சோருபிசின் பெறாத செல்களை ஒரு கட்டுப்பாடாகப் பிரித்தெடுத்து அவற்றின் வளர்ச்சியையும் பாருங்கள்.

செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளந்து பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, டாக்சோருபிசின் தானே செம்மஞ்சளாக ஒளிரும். அது உட்கருவில் பல நாள் தங்கும். சிடி24-ஐப் பிஇ என்னும் செம்மஞ்சள் ஒளிர்சாயத்தில் பூசினால், மருந்தின் ஒளியையே சிடி24 என்று அளந்துகொண்டிருப்போம். குருத்தணு அடையாளங்களை ஏபிசி போன்ற தூரச் சிவப்புச் சாயத்திலோ ஊதா லேசரில் ஒளிரும் சாயத்திலோ வைக்க வேண்டும். இரண்டாவது, மூப்புற்ற செல்லில் லிப்போஃபுஸின் என்னும் கழிவு நிறமி சேர்வதால் பச்சை உட்பட எல்லா அலைவரிசையிலும் தன்னொளி கூடும். சாயமிடாத மூப்புற்ற செல்லே சரியான வெற்றுக் கட்டுப்பாடு, சாயமிடாத சாதாரணச் செல் அன்று. மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. வழக்கமாக நாம் போடும் அளவு எல்லையும், ஒட்டிய இரட்டைச் செல்களை நீக்கும் எல்லையும், பெரியதும் பன்மடி டி.என்.ஏ. கொண்டதுமான மூப்புற்ற செல்களைத் துல்லியமாக வெளியே தள்ளிவிடும். தேடிப்போன செல்லைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை அளந்த சோதனைகள் உண்டு. எல்லைகளை மூப்புற்ற மாதிரியைக் கொண்டு வரையுங்கள். 100 மைக்ரான் அல்லது அதனினும் அகன்ற முனையைப் பயன்படுத்துங்கள். இந்தச் செல்கள் அழுத்தத்தில் எளிதில் கிழியும்.

மீண்டு எழுவதைக் கண்ணால் காணுதல்

பிரித்தெடுத்த செல்களை 96 கிணற்றுத் தட்டில் கிணற்றுக்கு ஒன்றாக இட்டு, இட்ட அன்றே ஒவ்வொரு கிணற்றையும் படமெடுங்கள். படத்தில் ஒரே ஒரு பரந்த செல் மட்டும் தெரியும் கிணறுகளையே கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகு நாள்தோறும், முடிந்தால் தானியங்கி நுண்ணோக்கியில் சில மணிக்கொருமுறை, நான்கைந்து வாரம் படமெடுக்க வேண்டும். பெரும்பாலான கிணறுகளில் எதுவும் நடக்காது. சிலவற்றில் செல் இறக்கும். அரிதாகச் சிலவற்றில், ஒரு பெரிய பல்கருச் செல் சமமின்றிப் பிளந்து சிறிய சேய்களை விடுவதைக் காணலாம். தனிமையில் இருக்கும் செல் எழவே இல்லை, கூட்டத்தில் மட்டும் திட்டுகள் வருகின்றன என்றால், அதுவும் ஒரு முடிவுதான்: மூன்றாவது விளக்கத்தின் பக்கம் போக வேண்டும் என்று அது சொல்கிறது. மூப்புற்ற செல்களின் ஊடகத்தை வடிகட்டி மருந்துபடாத செல்களுக்குக் கொடுத்தும், இன்டர்லூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தும் சேர்க்காமலும், அதைச் சோதிக்கலாம்.

ஹிஸ்டோனோடு இணைத்த பச்சைப் புரதத்தை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தயாரிக்கவைத்து நிறுத்திவிட்டால், பிரியாத செல் அந்த ஒளியைத் தக்கவைக்கும், பிரிந்துகொண்டே இருந்த செல் பாதி பாதியாக இழக்கும். பத்தாம் நாளில் ஒளி மிகுந்த செல்களைத் தனியே எடுத்தால், அதுவரை நழுவிப் பெருகியவை தாமாகவே விலகியிருக்கும். முன்னே சொன்ன 16,384-ன் சிக்கலுக்கு இதுவே எளிய மருந்து.

ஷ்மிட்டின் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட எலி லிம்ஃபோமா செல்களில் செல் இறப்பைத் தடுக்கும் பிசிஎல்2 புரதம் மிகுதியாக இருந்ததால் அவை மருந்தில் இறக்காமல் மூப்படைந்தன. மூப்புக்கு இன்றியமையாத சுவ்39எச்1 என்னும் ஹிஸ்டோன் மாற்றும் நொதியையோ பி53-ஐயோ வேண்டியபோது இயக்கவும் அணைக்கவும் கூடிய மரபணு விசை ஒன்றையும் அமைத்திருந்தனர். விசையை இயக்கி மூப்படையவைத்து, பின் அணைத்து விடுவித்த செல்கள் ஒரு பக்கம். தொடக்கம் முதலே விசை அணைந்திருந்து, அதே மருந்தைப் பெற்றும் மூப்படையாத செல்கள் மறுபக்கம். இரண்டுக்கும் மருந்து ஒன்று, டி.என்.ஏ. சேதம் ஒன்று, இறுதி மரபணு நிலையும் ஒன்று. நடுவில் மூப்பு இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. குருத்துத் தன்மை மிகுந்தது முதல் பக்கத்தில், அதுவும் குருத்தணுக்களில் இயங்கும் டபிள்யூஎன்டி சமிக்ஞையைச் சார்ந்து. செல் நின்றுகொண்டிருந்தபோதே குருத்தணுவின் மரபணு இயக்கம் அதனுள் தொடங்கிவிட்டது. மீண்ட பிறகுதான் அது வெளிப்பட்டது. உங்கள் ஆய்வகத்தில் இத்தனை விரிவான அமைப்பு இல்லாவிட்டாலும், மருந்து பெற்றும் மூப்படையாத ஓர் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சோதனையைத் தொடங்காதீர்கள். பி53 நீக்கப்பட்ட அதே செல்வகை, குறைபாடுகள் இருந்தாலும், அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

குருத்துத் தன்மையையும் மருந்து எதிர்ப்பையும் அளத்தல்

சிடி44, சிடி24 போன்ற மேற்பரப்பு அடையாளங்களும் ஏஎல்டிஎச் நொதிச் செயல்பாடும் சான்றுகளே, நிரூபணம் அல்ல. மூப்பே பல மேற்பரப்புப் புரதங்களின் அளவை மாற்றும், செல் பெரிதானாலே ஒளியின் மொத்த அளவும் கூடும். ஏஎல்டிஎச் சோதனையில் டிஇஏபி தடுப்பான் சேர்த்த கட்டுப்பாட்டை ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே வைக்க வேண்டும்.

செல் செய்யும் வேலையைக் கொண்டு அளப்பதே உறுதியானது. ஒட்டாத தட்டில், சீரமில்லா ஊடகத்தில் கோளங்களை வளர்க்கும்போது அடர்த்தி மிகுந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியே கோளமாகிவிடும். ஆகவே நீர்த்தலைப் படிப்படியாகச் செய்து எண்ணுங்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் செல்களை இட்ட கிணறுகளில் 37 விழுக்காடு வெறுமையாக இருந்தால், கிணற்றுக்குச் சராசரி ஒரு கோளம் தொடங்கும் செல் விழுந்திருக்கிறது என்று பாய்சான் பரவல் சொல்கிறது. 96 கிணற்றில் கிணற்றுக்குப் பத்து செல் இட்டு 35 கிணறுகள் வெறுமையாக இருந்தால், தொடங்கும் செல் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று. பல நீர்த்தல்களைச் சேர்த்துக் கணக்கிட, மெல்போர்னில் ஹூவும் ஸ்மித்தும் 2009-ல் உருவாக்கிய எல்டா என்னும் கணிப்பு முறை பரவலாகப் பயன்படுகிறது. எலியில் கட்டி தோன்றும் எண்ணிக்கையையும் இதே வழியில் கணக்கிடலாம். ஆனால் எந்த எலி என்பது விடையை மாற்றும்: நோயெதிர்ப்பு மிகவும் குன்றிய எலிகளைப் பயன்படுத்தியபோது, பிரித்தெடுக்காத மெலனோமா செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கட்டியைத் தொடங்கியதாக 2008-ல் மிச்சிகனிலிருந்து வெளியான ஆய்வு காட்டியது. மூப்புற்ற செல்களை நோயெதிர்ப்புச் செல்கள் அகற்றுகின்றன என்பதால், இத்தகைய எலிகளில் அவை தங்குவது இயல்பைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மருந்து எதிர்ப்பை அளக்க, மீண்ட செல்களை மருந்தில்லாமல் மூன்று நான்கு பாசேஜ் வளர்த்து, மருந்துபடாத செல்களோடும் மேற்சொன்ன ஒப்பீட்டுக் குழுவோடும் சேர்த்துச் சோதியுங்கள். எதிர்ப்பு தெரிந்தால் உடனே குருத்துத் தன்மைக்கு அதைக் காரணமாக்க வேண்டாம். ஏபிசிபி1 என்னும் வெளியேற்றும் பம்பு மிகுந்தாலும் டாக்சோருபிசின் உள்ளே தங்காது. மருந்தின் தன்னொளி இப்போது நமக்கு உதவும்: ஒரு மணி நேரம் கொடுத்து, கழுவி, எவ்வளவு தங்குகிறது என்று நேரடியாக அளக்கலாம். அந்தப் பம்பு தொடாத சிஸ்பிளாட்டின் போன்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மூப்புற்ற செல்லை நீக்கிப் பார்த்தல்

மூப்புற்ற செல்தான் திட்டுகளுக்கு மூலம் என்றால், அதை இடையில் நீக்கினால் திட்டுகள் குறைய வேண்டும். இதற்கு நாவிடோகிளாக்ஸ் வழக்கமான கருவி. மூப்புற்ற செல்களில் பல உயிர்வாழ பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தைச் சார்ந்திருப்பதால், அதைத் தடுத்தால் அவை இறக்கின்றன. நாவிடோகிளாக்ஸை டாக்சோருபிசினோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் மூப்படையும் முன்பே செல்கள் கூடுதலாக இறக்கும், மூப்பை நீக்கியதன் விளைவு எது என்று பிரித்தறிய முடியாது. ஏழாம் நாளில், மூப்பு உறுதியான பிறகு, இரண்டு மூன்று நாள் மட்டும் கொடுத்து நீக்குங்கள். மருந்துபடாத செல்களுக்கும் அதே அளவு கொடுத்து, அவை பாதிக்கப்படாத எல்லையில் நிற்க வேண்டும். திட்டுகள் குறைந்தால் மூலம் மூப்புற்ற செல்லாகவும் இருக்கலாம், அதன் சுரப்பால் தூண்டப்பட்ட அண்டைச் செல்லாகவும் இருக்கலாம். இந்தச் சோதனை முதல் விளக்கத்தை மட்டுமே வலுவாகப் பலவீனப்படுத்தும், தனிச் செல் படங்களுக்கு மாற்றாகாது.

இதிலிருந்து நேராக நோயாளிக்குத் தாவுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரத்தத் தட்டுகளும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தை நம்பியே வாழ்கின்றன. நாவிடோகிளாக்ஸ் அவற்றை வீழ்த்துவதால் மனிதரில் அதன் அளவை உயர்த்த முடியவில்லை. மூப்புற்ற செல்லைக் கொல்லும் டாசாடினிப்–குவர்செட்டின் கூட்டு 2015 முதல் பேசப்படுகிறது. ஆனால் டாசாடினிப் தானே ஒரு புற்றுநோய் மருந்து. ஆகவே நம் குடுவையில் அது மூப்புற்ற செல்லைக் கொன்றதா, பிரியும் செல்லை அடக்கியதா என்பதைத் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும். கடும் மைலாய்டு லுகேமியாவில் சைட்டராபின் மருந்துக்குப் பின் தப்பும் செல்கள் மூப்பு போன்ற ஒரு நிலையில் தங்கி மீள்வதாகவும், அதற்கு ஏடிஆர் என்னும் சேத உணர்வி தேவைப்படுவதாகவும் 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. மூப்படைந்த பின் கொல்வதைவிட, அந்த நிலைக்குள் நுழைவதையே தடுப்பது சில நோய்களில் பொருத்தமாக இருக்கலாம் என்று அதைப் படித்தபோது தோன்றியது.

சோதனை நடக்கும்போதே செய்ய வேண்டியதை ஒத்திப்போடாமல் செய்துவிடுங்கள். மருந்துக்கு முந்தைய செல்கள், ஏழாம் நாளின் மூப்புற்ற செல்கள், ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் தனித்தனியாக மீண்ட வழித்தோன்றல்கள், ஒப்பீட்டுக் குழுவின் செல்கள் ஆகிய நான்கையும், அந்தந்த நாளின் படங்களோடு பொருந்தும் எண்ணிட்டு உறையவையுங்கள். மீண்ட செல்களை ஒரே குப்பியில் கலந்துவிட்டால், எந்தப் படத்தில் கண்ட செல்லின் பரம்பரை எது என்பதைப் பிறகு எந்த வரிசைப்படுத்தலாலும் திரும்பப் பெற முடியாது.